நாடாவில் உறங்கிய இசை

1979ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் உலக அறிவியல் புனைகதை மாநாடு ஒன்று கூடியது. ஆண்டி ஆப்பன்ஹைமர், மார்ட்டின் லாயிட் என்னும் இருவர் அங்கே நண்பராயினர். பின்னர் இருவரும் சேர்ந்து சில மின்னணு இசைக் கருவிகளைக் கொண்டு பாடல்கள் இயற்றினர். அணுகுண்டு, பனிப்போர், ஆய்வுக்கூடம் ஆகியவையே பாடுபொருள்கள். 1982இல் அப்பாடல்களை ஒரு கேசட்டில் பதிந்து, 'நியூ மெக்சிகோ' என்று பெயரிட்டு வெளியிட்டனர். 1945ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் உலகின் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்ட மாநிலத்தின் பெயர் அது. தங்கள் குழுவிற்கு 'ஆப்பன்ஹைமர் அனாலிசிஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டனர்.

அஞ்சல் வழியாகவும் சிறு நிகழ்ச்சிகளிலும் விற்ற அந்தக் கேசட் சிலர் கைகளை மட்டுமே அடைந்தது. அதன்பின் உலகம் அதை மறந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 2005இல், நியூயார்க்கில் வெரோனிகா வசிக்கா என்பவர் 'மினிமல் வேவ்' என்னும் சிறு இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடே இக்குழுவின் பாடல்கள் அடங்கிய இசைத்தட்டுதான். பாடல்கள் வெளிவந்தபோது பிறந்திராத இளைஞர்கள் அவற்றை இன்று விரும்பிக் கேட்கின்றனர்.

இத்தகைய இசை ஏன் மறைந்தது? எவ்வாறு மீண்டது? இவ்வினாக்களுக்குரிய விடையில் பெரும்பகுதி, கல்லூரி இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது.

சமையலறையில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம்

1976, 1977ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் 'பங்க்' என்னும் முரட்டு இசை எழுந்தது. அது அடங்குமுன்னரே அதன் துணிவை மட்டும் எடுத்துக்கொண்டு, புதிய ஒலிகளைத் தேடிய இளைஞர்கள் கிளம்பினர். அவர்கள் இசையைப் 'போஸ்ட் பங்க்', அதாவது பங்க்கிற்குப் பிற்பட்ட இசை என்பர். பெரிய நிறுவனங்களின் வாயிலில் காத்து நிற்காமல், தாமே பதிந்து தாமே விற்பது இவர்கள் வழக்கம். 1977இல் 'டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ்' என்னும் குழு தன் முதல் இசைத்தட்டை 153 பவுன் செலவில் முடித்தது. மறு ஆண்டில் 'ஸ்க்ரிட்டி பொலிட்டி' என்னும் குழு இன்னும் ஒரு படி மேலே சென்றது. பதிவிற்கு இவ்வளவு, அச்சிற்கு இவ்வளவு என்று செலவுக் கணக்கைத் தன் இசைத்தட்டின் உறையிலேயே அச்சிட்டது. எவரும் செய்யலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான விளம்பரம் உண்டோ?

இதற்கு வழி திறந்தது மின்னணுவியலின் விலைச் சரிவு. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964இல் மின்னழுத்தத்தால் இயங்கும் சின்தசைசரின் உறுப்புகளை அமைத்துக் காட்டினார். அன்று அது பல்கலைக்கழகங்களும் செல்வர்களுமே வாங்கக்கூடிய அலமாரி. டிரான்சிஸ்டர்களும், அவற்றைப் பலவாகச் சேர்த்துச் சில்லில் அடக்கிய தொகுப்புச் சுற்றுகளும் மலிந்தபோது, அலமாரி பெட்டியாயிற்று. 1978இல் இங்கிலாந்தில் வந்த 'வாஸ்ப்' என்னும் கருவியின் விலை சுமார் 200 பவுன்தான். வாஸ்ப் என்றால் குளவி. மஞ்சளும் கறுப்புமான அதன் உடலில் அசையும் கட்டைகளே இல்லை. தட்டையான பலகையை விரல் தொட்டால் ஒலிக்கும். மின்கலத்திலும் இயங்கும்.

ஜப்பானியக் கருவிகளும் பழைய விலைக்குக் கிடைத்தன. டேனியல் மில்லர் என்னும் இளைஞர் பழைய 'கார்க் 700எஸ்' ஒன்றை வாங்கி, நான்கு தடப் பதிவுக் கருவி ஒன்றின் துணையுடன் தம் வீட்டிலேயே இரு பாடல்களைப் பதிந்து 1978இல் வெளியிட்டார். 1979இல் 'போர்ட்டாஸ்டூடியோ' என்னும் கருவி வந்தது. சாதாரணக் கேசட்டிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியே பதிந்து கலக்கும் வசதி அதில் இருந்தது. இனிச் சமையலறை மேசையே ஒலிப்பதிவுக்கூடம்.

மின்னழுத்தம் பாடும் விதம்

சின்தசைசரில் தந்தியும் இல்லை, துளையும் இல்லை. பின் எது அதிர்கிறது? ஒரு மின்தேக்கி மெல்ல மின்னேற்றம் பெறுகிறது எனக் கொள்வோம். குறிப்பிட்ட அழுத்தத்தை அடைந்ததும் ஒரு டிரான்சிஸ்டர் திறந்து, அதைச் சட்டென்று வெறுமையாக்குகிறது. மீண்டும் ஏற்றம், மீண்டும் வீழ்ச்சி. இவ்வாறு நொடிக்கு 440 முறை நிகழ்ந்தால், 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுடைய சுரம் பிறக்கிறது. வரைபடத்தில் இது ரம்பத்தின் பற்களைப் போலத் தோன்றுவதால் இதற்கு ரம்பப்பல் அலை என்று பெயர். இப்பகுதி அலையியற்றி எனப்படும்.

ரம்பப்பல் அலையில் அடிப்படைச் சுரம் மட்டும் இல்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என எல்லா மேற்சுரங்களும் முறையே 1/2, 1/3, 1/4 என்ற வீச்சில் கலந்துள்ளன. ஆகவே அது கரகரப்பாக ஒலிக்கும். அடுத்து வரும் வடிப்பான், வேண்டாத மேற்சுரங்களைக் கழிக்கிறது. கல்லில் வேண்டாத பகுதியைச் செதுக்கிச் சிலை எடுப்பது போன்ற முறை இது. அதற்கடுத்த பெருக்கி, ஒலி எவ்வளவு விரைவில் எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி ஓய வேண்டும் என்பதை ஆள்கிறது. சட்டென்று எழுந்து உடனே ஓய்ந்தால் முழவு போன்ற ஒலி. மெல்ல எழுந்து நெடிது நின்றால் வயலின் போன்ற ஒலி. ஒரே மூலம்தான், வடிவம் வேறு.

இனி ஒரு நுட்பம். நம் செவி சுரங்களைக் கூட்டல் கணக்கில் உணர்கிறது. அதிர்வெண்ணோ பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. கீழ் ஸ்தாயி ஸட்ஜம் 110 ஹெர்ட்ஸ் எனில், அடுத்தது 220, அதற்கடுத்தது 440. ஆகவே மூக் ஒரு விதி வகுத்தார்: மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் ஒலி ஒரு ஸ்தாயி உயர வேண்டும். ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு சுரத்தானங்கள். எனவே ஒவ்வொன்றிற்கும் பன்னிரண்டில் ஒரு வோல்ட். கூட்டலைப் பெருக்கலாக மாற்றும் இவ்வேலையை டிரான்சிஸ்டர் இயல்பாகவே செய்கிறது. அதன் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே சுமார் 18 மில்லிவோல்ட் கூடுந்தோறும் அதன் மின்னோட்டம் இருமடங்காகிறது.

ஆனால் இந்தப் 18 மில்லிவோல்ட் என்னும் அளவு, தனி வெப்பநிலையைப் பொறுத்தது. அறையின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது ஏறத்தாழ 300இல் ஒரு பங்கு மாறும். அமைப்பாளர்கள் இதை ஈடுசெய்யப் பல வழிகள் கையாண்டனர். மலிவான கருவிகளில் அவை முழுவதும் பலிக்கவில்லை. குளிர்ந்த அறையில் சுருதி சேர்த்த கருவி, கூட்டம் நிறைந்த அரங்கில் சூடேறியதும் விலகும். பழைய பதிவுகளில் இரு அலையியற்றிகள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் அசையக் கேட்கிறோமே, அதற்கு இவ்விலகலும் ஒரு காரணம். அன்று குறையாகக் கருதப்பட்டதை இன்றைய ரசிகர்கள் உயிர்ப்பு என்று போற்றுகின்றனர்.

துருவில் எழுதிய நினைவு

வீட்டில் பிறந்த இசை வீட்டிலேயே தங்க இடம் தந்தது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் கண்காட்சியில் அதை அறிமுகம் செய்தது. உள்ளிருக்கும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். மெல்லிய பிளாஸ்டிக் தளத்தின்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் ஒரு பசையில் கலந்து பூசப்பட்டிருக்கும். சுருங்கச் சொன்னால், துருவின் நெருங்கிய உறவினரான ஒரு பொருள். துகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். பதிவு முனையின் காந்தப்புலம் இவற்றை ஒலிக்கேற்பத் திசைமாற்றி வைக்கிறது. நாடா நகர்ந்தபின்னும் அத்திசை மாறுவதில்லை. காந்தத் தயக்கம் என்று வகுப்பில் படிக்கிறோமே, அதுவே நாடாவின் நினைவாற்றல்.

நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்கிறது. எனவே 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளம் கொள்கிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ 4.76 மைக்ரான்தான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மிக மெல்லிய தலைமுடியைக் காட்டிலும் குறுகிய இடத்தில் பல அலைகள் அடங்கிவிடுகின்றன. இவ்வளவு நுண்ணிய எழுத்து எளிதில் மங்கும் என்பதில் வியப்பில்லை.

மறதிக்குக் காரணங்கள்

முதற் காரணம் எண்ணிக்கை. ஐம்பதோ நூறோ படிகள் மட்டுமே உள்ள கேசட்டில், ஒவ்வோர் ஆண்டும் சில தொலைந்தாலும் விரைவில் ஒன்றும் எஞ்சாது. சில மேற்பதிவால் அழியும். சில குப்பைக்குப் போகும்.

இரண்டாவது, படியெடுத்தல். துகள்களின் ஒழுங்கின்மையால் ஒவ்வொரு நாடாவிலும் 'உஸ்' என்னும் இரைச்சல் உண்டு. நண்பரின் படியிலிருந்து நாம் ஒரு படி எடுத்தால், அவருடைய இரைச்சலுடன் நம்முடையதும் சேரும். நான்காம் தலைமுறைப் படியில் இரைச்சலின் திறன் ஏறத்தாழ நான்கு மடங்கு. பாட்டு மெலியவில்லை, அதைச் சுற்றி மழை வலுக்கிறது.

மூன்றாவது, நிழற்பதிவு. சுருளில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றின்மேல் படியும். தொண்ணூறு நிமிட நாடாவின் தடிப்பு சுமார் 12 மைக்ரான்தான். ஆகவே அயல் சுற்று மிக அருகில் உள்ளது. பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முன்பே அவர் குரலின் ஆவி மெல்லக் கேட்பது இதனால்தான்.

நான்காவது வேதியியல் சார்ந்தது. 1970களின் நடுப்பகுதி முதல் தயாரான சில ரீல் நாடாக்களில் துகள்களைப் பிணைக்கும் பசை பாலியூரிதேன் வகையைச் சேர்ந்தது. காற்றின் ஈரம் அதன் நீண்ட மூலக்கூறுகளைச் சிறுகச் சிறுக வெட்டுகிறது. இது நீராற்பகுப்பு. பசை பிசுபிசுக்கிறது, ஓட்டினால் கருவியில் ஒட்டிக் கிறீச்சிடுகிறது, இழுத்தால் துகளோடு இசையும் உரிந்து வருகிறது.

மீட்கும் கலை

பிசுபிசுத்த ரீலை என்ன செய்வது? சுடுவது! நம்புதற்கரியது, ஆயினும் உண்மை. வெப்பம் துல்லியமாகக் கட்டுப்படும் அடுப்பில், சுமார் 54 டிகிரி செல்சியசில், பல மணி நேரம் வைத்தால் ஈரம் வெளியேறிப் பசை தற்காலிகமாக உறுதிபெறும். சில வாரங்களுக்கு நாடா ஓடும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். இச்சூட்டில் காந்தப்பதிவு அழியாதா என்று மாணவர் கேட்கலாம். இந்த இரும்பு ஆக்சைடு தன் காந்தத்தன்மையை இழக்கும் கியூரி வெப்பநிலை சுமார் 600 டிகிரி. ஆகவே அச்சமில்லை. ஆனால் கேசட்டுகளுக்கும் எல்லா வகை ரீல்களுக்கும் இது ஏற்றதன்று. வீட்டு அடுப்பில் முயல்வது பெருந்தவறு.

அடுத்தது, படிக்கும் முனையின் சாய்வு. முனையில் உள்ள நுண்ணிய இடைவெளி, நாடா செல்லும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். கால் டிகிரி சாய்ந்தால் என்ன ஆகும்? ஸ்டீரியோ கேசட்டில் ஒரு தடத்தின் அகலம் 0.6 மில்லிமீட்டர். அதன் இரு ஓரங்களுக்கும் இடையே சுமார் 2.6 மைக்ரான் முன்பின் ஏற்படும். 10,000 ஹெர்ட்ஸ் அலைநீளத்தில் அது பாதிக்கும் மேல். அலையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்ன, அவ்வொலி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் ஒலிக்கும் பழைய கேசட்டுகளில் பல, உண்மையில் கெடவே இல்லை. பதிந்த கருவியின் சாய்வும் படிக்கும் கருவியின் சாய்வும் பொருந்தவில்லை, அவ்வளவே. சிறு திருகாணி ஒன்றைச் செவிகொண்டு திருத்தினால் போர்வை விலகும்.

மூன்றாவது வேகம். வீட்டுக் கருவிகளின் வேகம் சற்று முன்பின்னாக இருக்கும். இசைத்தவர் வைத்த சுருதி எது என்று இப்போது எப்படி அறிவது? இங்கே ஒரு குறையே துணை செய்கிறது. அன்றைய மலிவான கம்பிகள் வழியே மின்வழங்கலின் ரீங்காரமும் இசையோடு பதிவாகிவிடும். இங்கிலாந்தில் அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். சிறிதே ஏறி இறங்கும். இப்போது நாடாவில் அந்த ரீங்காரம் 52 ஹெர்ட்ஸ் என்று அளந்தால், நாடா 4 விழுக்காடு விரைவாக ஓடுகிறது என்று பொருள். அது ஒரு சுரத்தானத்தில் மூன்றில் இரு பங்கு உயர்வு. வேகத்தைக் குறைத்து ரீங்காரத்தை 50க்குக் கொண்டுவந்தால் பாட்டும் தன் சுருதியில் வந்து நிற்கும். களையென்று நினைத்தது கடிகாரமாயிற்று.

இறுதியில் ஒலியை எண்களாக மாற்றுகின்றனர். காப்பகங்களில் நொடிக்கு 96,000 முறை வரை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 இரும இலக்கங்களில் குறிக்கின்றனர். எண்ணைப் படியெடுக்கும்போது இரைச்சல் கூடுவதில்லை. நூறாவது படியும் முதற்படியேயாம்.

பம்பாயில் பிறந்த தட்டு

இத்தகைய மறதியும் மீட்சியும் இங்கிலாந்திற்கு மட்டும் உரியன அல்ல. பம்பாயில் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் மூன்று ஜப்பானியக் கருவிகளைக் கொண்டு பைரவ், தோடி, யமன் முதலிய பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்தார். அவற்றுள் ஒன்று 'டி.பி. 303' என்னும் சிறு பெட்டி. கிட்டாரின் மந்தர ஒலிக்கு மாற்றாக வந்த அதை அன்று விரும்பியவர் சிலரே. 1984இல் தயாரிப்பும் நின்றது. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் தன்மை அதற்கு உண்டு. ராக இசைக்கு அது பொருந்தியது. எனினும் அவ்விசைத்தட்டு விலைபோகவில்லை.

2002இல் டில்லியில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் எடோ பௌமன் என்னும் டச்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். 2010இல் மறுவெளியீடு செய்தார். கேட்டவர்கள் திகைத்தனர். அமெரிக்காவின் சிகாகோவில் அதே பெட்டியைப் பழைய விலைக்கு வாங்கிய இளைஞர்கள் 1987இல் வெளியிட்ட 'ஆசிட் ஹவுஸ்' இசையை, ஐந்தாண்டுகள் முன்னரே பம்பாய்க்காரர் எட்டியிருந்தார்! சிகாகோ இளைஞர்கள் அவருடைய தட்டைக் கேட்டனர் என்பதற்குச் சான்றில்லை. ஒரே சுற்று, ஒரே வடிப்பான், ஒரே வழுக்கல்; இரு வேறு நகரங்களில் ஒத்த ஒலி. ஆய்வில் ஒரே கருவி ஒத்த முடிவுகளைத் தருவது போன்றதே இது. சிங் 2015இல் மறைந்தார். தம் இசை உலகைச் சுற்றுவதைக் கண்ணால் கண்டுவிட்டுச் சென்றார் என்பது ஆறுதல்.

மறைந்தவை எல்லாமே மாணிக்கம் என்று சொல்ல முடியாது. அன்று வீடுகளில் பதிந்தவற்றுள் கேட்கச் சகியாதவையும் உண்டு. ஆனால் மறைந்ததனாலேயே ஒன்று தகுதியற்றது என்பதும் தவறு. படிகள் குறைவு, பசை கெட்டது, பெட்டி ஈரத்தில் நனைந்தது. இவை தரத்தைப் பற்றிய தீர்ப்புகள் ஆகுமா? தீர்ப்புச் சொல்லவேண்டியவர்கள் கேட்பவர்கள். அவர்கள் கேட்பதற்கு நாடா முதலில் பிழைத்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில்

காலம் குறைவு. யுனெஸ்கோவின் ஒரு திட்டமும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் உலகச் சங்கமும் 2019இல் ஓர் எச்சரிக்கை விடுத்தன. நாடாக்கள் மட்டுமன்றி, அவற்றை ஓட்டும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் பழுது பார்ப்பவர்களும் மறைந்து வருவதால், 2025ஐ ஒட்டிப் பல இடங்களில் வழக்கமான மீட்புப் பணியே நின்றுவிடக்கூடும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டும் வந்துவிட்டது.

நம் வீடுகளிலும் கேசட்டுகள் உண்டு. கடையில் வாங்கிய திரைப்பாடல் இன்று எங்கும் கிடைக்கும். ஆனால் பாட்டியின் தாலாட்டு, ஊர்க் கோயில் நாயனக்காரரின் வாசிப்பு, வெளிநாட்டிலிருந்த தந்தை கடிதத்திற்குப் பதிலாகப் பேசி அனுப்பிய நாடா ஆகியவற்றிற்கு உலகில் ஒரே படிதான். அவற்றிற்குச் சில குறிப்புகள்:

கேசட்டின் விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். தவறுதலாக மேற்பதிவு ஆகாது. வெயிலும் ஈரமும் படாமல், ஒலிபெருக்கி போன்ற காந்தப் பொருள்களுக்கு அப்பால், செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஓட்டுமுன் கருவியின் முனையைத் தூய்மை செய்து, வேறு வேண்டாத கேசட் ஒன்றை ஓட்டிச் சரிபாருங்கள். முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துகொள்ளுங்கள். இரண்டாம் ஓட்டம் வாய்க்காமல் போகலாம். மூன்று படிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுங்கள். யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையும் எழுதி வையுங்கள். பெயர் இல்லாத குரல் பாதி மறைந்த குரலே.

பிரைட்டனில் நண்பரான இருவரின் பாட்டு இன்று நம் காதில் விழுகிறது என்றால், முன்பின் அறியாத எவரோ ஒருவர் அந்தக் கேசட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார் என்பதே முதற் காரணம். இயற்பியல் அதன்பின் வந்தது.